கிட்டங்கித் தெருவில் யாருக்கும் நோய் இல்லை

திருநெல்வேலிக்குப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னபோது ஒருவர்கூட "எதுக்கு?" என்று கேட்கவில்லை. "எனக்கு அரைக் கிலோ" என்றார்கள். ஏழு பேருடைய அல்வாக் கணக்கைக் கைபேசியில் குறித்துக்கொண்டு சென்னையில் ரயில் ஏறினேன். என்ன வேலையாகப் போகிறேன் என்பதை நானாக வலியப் போய்ச் சொன்னபோதும் யாரும் காது கொடுக்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

மாநகராட்சி தன் பகுதிகளுக்கு ஒரு நலவாழ்வுத் திட்டம் போடுகிறது. எந்தப் பகுதியில் நோய் அதிகம், எங்கே வசதி குறைவு என்று பார்த்து, உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள இடைவெளியைக் கொஞ்சமாவது குறைப்பது நோக்கம். இந்தச் சுற்றில் புதிதாக ஒரே ஒரு நலவாழ்வு மையம்தான் உண்டு. சின்ன ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரை, புண்ணுக்குக் கட்டு. கடைசிப் போட்டியில் இரண்டு இடங்கள் நின்றன. ஒன்று, பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைந்த ஒரு காலனி. இன்னொன்று, தச்சநல்லூரில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிட்டங்கித் தெரு. சென்னையில் நாங்கள் குடோன் என்பதைத்தான் இவர்கள் கிட்டங்கி என்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு நோய்க்கும் மதிப்பெண் உண்டு. கூட்டிப் பார்த்து வெள்ளிக்கிழமை மக்கள் கூட்டத்தில் தெரு வாரியாக வாசிக்க வேண்டும். எங்கே மதிப்பெண் அதிகமோ அங்கே ஆஸ்பத்திரி. இந்தப் படிவத்தைத் தயாரித்த புத்திசாலி நான்தான். முதுகலைப் படிப்பு முடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

திங்கட்கிழமை சுகாதாரப் பிரிவு டாக்டரம்மாவைப் பார்த்தேன். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை மாதிரி கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"நல்லா போட்டிருக்கீங்க. ஒரே ஒரு சிக்கல். எங்க ஊர் ஆளுவ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டாவ. கேக்காததுக்குச் சொல்லுவாவ."

நான் சிரித்துவைத்தேன். கேள்வி சரியாக இருந்தால் பதில் சரியாக வரும் என்று மூன்றாம் செமஸ்டரில் படித்திருக்கிறேன்.

சாயங்காலம், டவுண் என்று இவர்கள் சொல்லும் கோயிலடிப் பகுதியில், ரத வீதியில், முதல் அல்வா. சென்னையில் அல்வா டப்பாவில் வரும், கரண்டியில் எடுப்போம். இங்கே சுடச்சுட இலைத்துண்டில் வைத்து உள்ளங்கையில் கொடுத்தார்கள். பிடித்தால் நழுவுகிறது, விட்டால் மணிக்கட்டு வழியாக நெய் முழங்கையைத் தேடிப் போகிறது. சுற்றி நின்றவர்கள் ஒரு சொட்டு சிந்தாமல் தின்றுகொண்டிருந்தார்கள். முடித்ததும் கடைக்காரர் கேட்காமலே ஒரு பிடி மிக்சர் கையில் போட்டார். "திகட்டும்லா, அதுக்கு." ஓர் ஊரே திகட்டலுக்கு மருந்து வைத்துக்கொண்டு இனிப்புத் தின்கிறது. என் படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டைக் காலனி. வேப்ப மரங்கள், பெருக்கிய வாசல்கள், ஒவ்வொரு கேட்டிலும் பெயரும் பட்டமும். முதல் வீட்டில் சாமுவேல் சார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் உட்காருவதற்குள் மூன்று கோப்புகளை மேஜையில் அடுக்கிவிட்டார். சிவப்பு சுகருக்கு, நீலம் பிரஷருக்கு, பச்சை மற்றவைக்கு.

"எழுதிக்கிடுங்க. சுகர், பிரஷர், கொழுப்பு, முதுகு, ரெண்டு முழங்கால். முழங்கால ஒண்ணா போடாதீங்க. ரெண்டுக்கும் தனித்தனி எக்ஸ்ரே இருக்கு."

"சார், அதுக்கு ஒரே கட்டம்தான் இருக்கு."

"அப்ப ஓரத்துல எழுதுங்க. அப்புறம், பன்னிரண்டாவது கேள்வியும் இருபதாவது கேள்வியும் ஒண்ணுதான். யார் செட் பண்ணது இத?"

"ஒரு கமிட்டி சார்" என்றேன்.

"கமிட்டிக்கு நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "நடந்தா ரெண்டு நிமிஷம். ஆனா ரோட்டக் கடக்கணும். வண்டி ரொம்ப வருது." அதையும் ஓரத்தில் எழுதச் சொன்னார். கிளம்பும்போது தட்டில் அல்வா வந்தது. எனக்கு ஒரு துண்டு, அவருக்கு இரண்டு. நான் சிவப்புக் கோப்பைப் பார்த்தேன். "இன்னைக்கு ஒரு நாள் தான" என்றார். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி, "நேத்தும் இதேதான் சொன்னாவ" என்றார்.

காலனி முழுக்க இதே கதை. வியாதியைச் சொல்வதில் வீட்டுக்கு வீடு போட்டி. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் ஒன்று என்றால் இவருக்கு இரண்டு. சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் மதிப்பெண் கூரையைத் தொட்டது. பாவம், எவ்வளவு நோயாளிகள் என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

புதன்கிழமை தச்சநல்லூருக்கு டவுண் பஸ் ஏறினேன். பஸ் வேறு பக்கம் போனது. பாலம் ஏறி இறங்கி, கோயில் கோபுரம் தெரிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

"நீங்க எதிர்த்த பக்கம்லா நிக்கணும். இது டவுணுக்குப் போகுது."

"போர்டுல போடலையே அண்ணா."

"போர்டு கெடக்கு. ஆருட்டயாவது கேக்க வேண்டாமா?"

அடுத்த பஸ்ஸில் அவரே ஏற்றிவிட்டார். அந்தக் கண்டக்டரிடம், "மெட்ராஸ் பிள்ள, பாத்து இறக்கிவிடும்வே" என்று சொல்லி என்னைச் சரக்கு மாதிரி ஒப்படைத்தார். சென்னையில் பஸ் மாறி ஏறினால் அது என் தலைவலி. இங்கே அது இரண்டு கண்டக்டர்களின் பொறுப்பு.

கிட்டங்கித் தெரு நீளமான ஒரே தெரு. ஒரு பக்கம் பழைய கிட்டங்கிகளின் பின்சுவர், மறுபக்கம் ஒட்டி ஒட்டி வீடுகள். தெருமுனையில் ஒரு டீக்கடை. பெண்கள் வாசலில் மடியில் சுளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். இலையைப் பார்க்காமலே விரல்கள் சுற்றுகின்றன. முதல் வீட்டில் முத்துலட்சுமி அக்கா. நாற்பதைத் தாண்டியவர். பேசும்போதும் கை நிற்கவில்லை.

"வாங்க, வாங்க. மெட்ராஸ்லேர்ந்து வந்துருக்கீயளாமே, கண்டக்டர் சொல்லிவிட்டாரு. உக்காருங்க. ஏட்டி பேச்சி, காப்பி போடு."

பேச்சி அவர் மகள். உள்ளே நாற்காலியில் அவர் கணவர் இசக்கிமுத்து இருந்தார். மூட்டை தூக்கும் வேலை. வலது காலில் கட்டுப் போட்டிருந்தது.

"உங்க வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா அக்கா?"

"ச்சே. எங்க வம்சத்துலயே கெடையாது."

"பிரஷர்?"

"அதுவும் இல்ல. நல்லாருக்கோம்."

"அண்ணனுக்குக் கால்ல என்ன?"

"ஆணி குத்திட்டு" என்றார் இசக்கிமுத்து. எப்போது என்று கேட்டேன். "கொஞ்ச நாளாச்சு."

காப்பி வந்தது. பேச்சி பச்சை மூடி போட்ட ஒரு கண்ணாடி பாட்டிலைக் கொண்டுவந்து, என் முன்னாலேயே இரண்டு கரண்டி சீனி போட்டு ஆற்றினாள். பாட்டிலில் ஒட்டியிருந்த தாளில் ஒரு குழந்தையின் பாதி முகம் கிழிந்து போயிருந்தது. நீங்க குடிக்கலையா என்றால், "நாங்க இப்பத்தான் குடிச்சோம்" என்றார்கள்.

இரண்டாவது வீட்டிலும் நோய் இல்லை. காப்பி. இப்பத்தான் குடிச்சோம். மூன்றாவது வீட்டிலும் அப்படியே. கழுத்து நரம்பு புடைக்க இருமிக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் தனக்கு ஒன்றும் இல்லை என்றார். சாயங்காலத்துக்குள் பதினோரு காப்பி என் வயிற்றிலும், வரிசையாகப் பூஜ்யங்கள் படிவத்திலும் சேர்ந்திருந்தன. நான் அசந்துபோனேன். உழைக்கிற உடம்பு, ஆற்றுத் தண்ணீர், நல்ல காற்று என்று காரணமெல்லாம் எழுதி என் மேலாளருக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். அதை இப்போது அழித்துவிட்டேன். அவர் அழிக்கவில்லை. இனி என் பிறந்தநாளுக்கெல்லாம் அதை எடுத்து வாசிப்பார்.

முத்துலட்சுமி அக்கா வீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? வியாழக்கிழமை காலையில் அதைக் கேட்கப் போனேன். வாசலில் ஆட்டோ நின்றது. இசக்கிமுத்துவைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நேரமா? அந்தா இருக்கு. கட்டு மாத்தத்தான் போறோம். வாங்க, நீங்களே பாத்துக்கிடுங்க."

அந்தா இருப்பது உண்மைதான். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நின்றாலே ஆஸ்பத்திரியின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. நடுவில் ரயில்வே கேட். கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் வந்து, பாதி போய், நின்றுவிட்டது. பெட்டிகளை எண்ணினேன். இரண்டாவது தடவையும் எண்ணினேன். ஆட்டோக்காரர் இறங்கி ஒரு டீ குடித்து, பேப்பர் வாசித்து, கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தன் சித்தப்பாவிடம் பெட்டிகளின் இடுக்கு வழியாக ஒரு கல்யாணத் தேதியை விசாரித்து முடித்தார்.

"தினம் இப்படித்தானா அண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. சில நாள் ரெண்டு ரயில் வரும்."

இசக்கிமுத்து எதிர் சீட்டில் காலை நீட்டியிருந்தார். கட்டு நெகிழ்ந்து பெருவிரல் வெளியே தெரிந்தது. அது விரலின் நிறத்தில் இல்லை. ஓரங்களில் கறுத்து, நகத்தைச் சுற்றி ஈரமாக இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து அவர் துண்டை எடுத்து மூடினார். முத்துலட்சுமி அக்கா வெளியே சரக்கு ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் பீடி இல்லை. ஆனாலும் விரல்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

கேட் திறந்து போய்ச் சேர்ந்தபோது கட்டு மாற்றும் நேரம் முடிந்திருந்தது. திரும்பி வந்தோம்.

"போன தடவையும் இப்படித்தான் ஆயிட்டு" என்றார் அக்கா. "விரல எடுக்கணும்னு சொல்லிருவாவளோன்னு பயமா இருக்கு. விரலு போனா மூட்டை தூக்க முடியுமா? இங்கனயே ஒரு ஆஸ்பத்திரி வந்துட்டா நான் பைய நடத்தியே கூட்டிட்டுப் போயிருவேன்."

"அக்கா, ஆணி குத்தின புண்ணு இப்படி ஆகுமா?"

"காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார். டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

கை கழுவ வீட்டின் பின்பக்கம் போனேன். அங்கே பேச்சி பின்சுவரில் எக்கி நின்று பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து எதையோ வாங்கிக்கொண்டிருந்தாள். பச்சை மூடி. பாதி முகக் குழந்தை. அந்த வீட்டுக்காரர் அதை அவருக்கு அடுத்த வீட்டுச் சுவரிலிருந்து வாங்கியிருந்தார். முந்தின நாள் பதினோரு வீடுகளிலும் எனக்குச் சீனி போட்ட பாட்டில் என் மனக்கண்ணில் வரிசையாக வந்தது. எல்லாவற்றுக்கும் பச்சை மூடி. எல்லாவற்றிலும் அதே கிழிசல். இந்த ஊரில் எல்லோரும் ஒரே பொருள் வாங்குகிறார்கள் போல என்று நேற்று எளிதாகக் கடந்துபோயிருந்தேன். நான் முன்வாசல் வழியாக வீடு வீடாகப் போக, பாட்டில் பின்சுவர் வழியாக எனக்கு முன்னால் போயிருக்கிறது.

"அக்கா, தெருவுல ஒரு வீட்டுலயும் சீனி கிடையாதா?"

பேச்சி பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். முத்துலட்சுமி அக்கா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்ன செய்ய? வந்த விருந்தாளிக்குச் சீனி இல்லாம காப்பி குடுக்க முடியுமா? ரேஷன்ல போடுத சீனிய எல்லாரும் தெருமுனை டீக்கடை அண்ணாச்சிட்ட குடுத்துருதோம். ஆரும் வந்தா அவரு ஒரு பாட்டில்ல போட்டுக் குடுத்துவிடுவாரு. நேத்து உங்களுக்காக அது பட்ட பாடு இருக்கே. பின்னாலயே ஓடினோம்."

"அப்ப இத்தனை வீட்டுலயும் சுகர்."

"பாதிக்கு மேல. மத்தவங்களுக்கு இவுகள பாத்துப் பயம்."

"ஏன் அக்கா இல்லைன்னு சொன்னீங்க? எழுதினாத்தானே ஆஸ்பத்திரி வரும்?"

அவர் பேச்சியைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் தாழ்ந்த குரலில் சொன்னார். பேச்சிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். பையனின் அம்மா சம்பூரணம், அடுத்த தெரு. வீடு பார்த்துவிட்டுப் போகும்போது, வாசலில் நின்றபடி, உங்க பக்கம் சுகர் கிகர் உண்டா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். முத்துலட்சுமி அக்கா இல்லை என்று சொல்லிவிட்டார். தெருவில் பாதி வீடுகளில் கல்யாணத்துக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. எல்லோரும் இல்லை என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார்கள். மாத்திரையைக்கூட இங்கே வாங்குவதில்லை. பஸ் ஏறி டவுணுக்குப் போய், தெரிந்த முகம் இல்லாத கடையில் வாங்குகிறார்கள்.

"பேர் இல்லாம எழுதுறேன் அக்கா."

"தெரு பேரு இருக்கும்லா? நாளைக்குக் கூட்டத்துல தெருத்தெருவா வாசிப்பீய. சம்பூரணம் மதினி முன்வரிசைல உக்காந்திருப்பாவ."

தெரு வாரியாக வாசிக்க வேண்டும் என்று படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதியவளும் நான்தான். வெளிப்படைத்தன்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

"எழுதிராதீங்க, என்ன?" என்றார். எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவர் போட்ட காப்பியைக் குடித்தேன். அதிலும் இரண்டு கரண்டி சீனி இருந்தது.

போகிற வழியில் டீக்கடையில் நின்றேன். அண்ணாச்சி ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"பாட்டில் திரும்பி வந்துட்டா?"

"வந்துரும். அண்ணாச்சி, இந்தத் தெருவுல யார் யாருக்கு என்னன்னு உங்களுக்குத்தானே முழுசாத் தெரியும்?"

"தெரியும். சொல்ல மாட்டேன். வாய விட்டா கடை நடத்த முடியுமா?"

மாநிலத்திலேயே பத்திரமான மருத்துவப் பதிவேடு ஒரு டீக்கடைக்காரரின் தலைக்குள் இருந்தது. என்னால் அதைத் திறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, தச்சநல்லூரில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். காலனிக்காரர்கள் ஒரு வேனில் வந்து இடதுபக்கம் உட்கார்ந்தார்கள். சாமுவேல் சார் மூன்று கோப்புகளோடு. கிட்டங்கித் தெருக்காரர்களும் அடுத்த தெருக்காரர்களும் வலதுபக்கம். இசக்கிமுத்து காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்திருந்தார். பக்கத்தில் முத்துலட்சுமி அக்கா. அவருக்கு நேர் முன்னால், முன்வரிசையில், மஞ்சள் சேலையில் ஓர் அம்மா. பேச்சி பின்னாலிருந்து கண்ணைக் காட்டினாள். சம்பூரணம்.

நான் வாசித்தேன். காலனியின் மதிப்பெண்ணைச் சொன்னபோது இடதுபக்கம் கைதட்டினார்கள். தேர்வில் முதல் வகுப்பு வாங்கிய மாதிரி. அடுத்தது கிட்டங்கித் தெரு.

"சுகர், யாருக்கும் இல்லை. பிரஷர், யாருக்கும் இல்லை. வேறு நோய், யாருக்கும் இல்லை."

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் இருந்த காலைப் பார்த்தார். "இங்கன யாராவது எதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். வலதுபக்கம் எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். "சரி, டீ குடிச்சிட்டு முடிவு எழுதிரலாம்."

டீக்கு ஏற்பாடு தெருமுனை அண்ணாச்சிதான். இரண்டு தூக்கு வாளிகள் கொண்டுவந்திருந்தார். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. கடையில் கேட்கிற பழக்கம் போகவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "சீனி போட்டதா, போடாததா?" என்று கேட்டே ஊற்றினார்.

இடதுபக்கத்திலிருந்து ஆரம்பித்தார். போட்டது, போட்டது, போட்டது. சாமுவேல் சார் சிவப்புக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டே, "போட்டது. கொஞ்சம் தூக்கலா இருந்தாலும் பரவால்ல" என்றார். எல்லாம் சின்னத் தூக்கிலிருந்து போனது.

வலதுபக்கம் வந்து முதலில் முத்துலட்சுமி அக்கா முன்னால் நின்றார்.

"போட்டதா, போடாததா?"

அக்காவுக்கு முன்னால் மஞ்சள் சேலையின் முதுகு. பக்கத்தில் கட்டுப் போட்ட கால். அண்ணாச்சி அவசரப்படுத்தாமல் நின்றார். அவருக்குப் பதில் தெரியும். ஆனாலும் எந்தத் தூக்கின் மூடியையும் அவராகத் திறக்கவில்லை.

"அண்ணாச்சி" என்றார் அக்கா. மண்டபத்தின் கடைசி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார். "எனக்கும் எங்க வீட்டு ஆளுக்கும் சீனி போடாதது ஊத்துங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஆகாது. நாலு வருசமா ஆகாது."

மஞ்சள் சேலை மெதுவாகத் திரும்பியது. சம்பூரணம் முத்துலட்சுமி அக்காவைப் பார்த்தார், அந்தக் காலைப் பார்த்தார், அண்ணாச்சியின் கையிலிருந்த பெரிய தூக்கைப் பார்த்தார்.

"இத முதல்லயே சொல்லிருந்தா என்ன?" என்றார். பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். சம்பூரணம் டம்ளரை நீட்டினார். "எனக்கும் அதுலயே ஊத்துங்க அண்ணாச்சி. இவுகளாவது நாலு வருசம். எனக்கு ஏழு."

அதற்குப் பிறகு அண்ணாச்சி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எனக்கும் அதுல, எனக்கும் அதுல என்று டம்ளர்கள் வந்தன. இருமுகிற பெரியவர், "ஒண்ணும் இல்லன்னு முந்தாநேத்து சொல்லிட்டனே, இப்ப மாத்தலாமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். கடைசி வரிசை வந்தபோது பெரிய தூக்கு காலி. சின்னத் தூக்கில் வலதுபக்கத்துக்கென்று கொண்டுவந்தது அப்படியே கிடந்தது.

டாக்டரம்மா எழுந்து வந்து இரண்டு தூக்குக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"சீனி போடாதத ஏன் பெரிய தூக்குல கொண்டாந்தீரு?"

"இந்தத் தெருவுக்கு எனக்கு அதான அளவு" என்றார் அண்ணாச்சி. "நான் யாரையும் சொல்லல, பாத்துக்கிடுங்க. தூக்குதான் சொல்லுது."

டாக்டரம்மா என் படிவக் கட்டை வாங்கி, மூடி, மேஜையின் ஓரத்தில் வைத்தார். வரும் செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றில் கிட்டங்கித் தெருவில், டீக்கடை முன்னால், எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை என்றார். முடிவு அதற்குப் பிறகுதான். கேட் மூடிக் கிடக்கும் நேரத்தையும் ஓர் ஆளை உட்காரவைத்துக் குறிக்கச் சொன்னார். பிறகு குனிந்து இசக்கிமுத்துவின் கட்டை அவரே பிரித்துப் பார்த்தார்.

"விரல் தப்பிரும். ஆனா இன்னைக்கே என் வண்டியில வாரும். ஆணி குத்திட்டுன்னு அங்கயும் போய்ச் சொல்லிராதீரு."

காலனிப் பக்கம் ஏமாற்ற முணுமுணுப்பு. சாமுவேல் சார் பாதி குடித்த டம்ளரைக் கோப்புகளுக்குப் பின்னால் நகர்த்திவைத்துவிட்டு எழுந்தார். எதிர்ப்புத்தான் தெரிவிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த ரத்தப் பரிசோதனைக்கு நாங்களும் வரலாமா?" என்றார். "பழைய ரிப்போர்ட்டோட ஒப்பிட்டுப் பாக்கணும்."

வெளியே வரும்போது சம்பூரணமும் முத்துலட்சுமி அக்காவும் படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணப் பேச்சு என்று நினைத்துக் காதைத் தீட்டினேன். மாத்திரைப் பேச்சு. இரண்டு பேரும் டவுணில் ஒரே கடையில்தான் வாங்குகிறார்கள். அக்கா போவது திங்கட்கிழமை. சம்பூரணம் போவது செவ்வாய்.

"இனிமே சேந்தே போவோம் மதினி. பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்றார் சம்பூரணம். கொஞ்சம் தள்ளி, பேச்சி முதல்முறையாக நிமிர்ந்து நின்றாள்.

சனிக்கிழமை எனக்கு ரயில். ஏழு பேர் அல்வாவையும் வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று கிட்டங்கித் தெருவுக்குப் போனேன். இசக்கிமுத்து ஆஸ்பத்திரியில் இருந்தார். விரல் அவரிடமே இருந்தது. முத்துலட்சுமி அக்கா வாசலில் சுளவோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி, வந்துட்டியா? உள்ள போய் உக்காரு. பேச்சி, இவளுக்கும் சேத்து ஒரு காப்பி."

'வாங்க' போய், பேச்சியைக் கூப்பிடுகிற 'ஏட்டி' வந்திருப்பதை நான் கவனித்தேன். பேச்சி மூன்று டம்ளர் கொண்டுவந்தாள். மூன்று பேரும் சேர்ந்து குடித்தோம். முதல் வாயிலேயே முகம் சுளித்தேன். வெறும் கசப்பு. பின்சுவர்ப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, பாட்டில் வரலையா?"

"அது விருந்தாளிக்கு" என்றார் அக்கா, பீடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சத்தியமாக நன்றாக இல்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.